காசா பொதுமக்களுக்காகக் குரல் கொடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2023 அக்டோபருக்குப் பிறகு, காசாவில் சிக்கிக்கொண்ட பொதுமக்களுக்காகப் பேச விரும்பும் பலர் பேசத் தொடங்கும் முன்பே தயங்கி நின்றுவிடுகிறார்கள். போதிய விவரம் தெரியாதே என்ற தயக்கம் சிலருக்கு. வேலைக்கோ விசாவுக்கோ ஆபத்து வருமோ என்ற அச்சம் சிலருக்கு. நம் துயரமே தீராதபோது இது எதற்கு என்ற மனக்கசப்பு இன்னும் சிலருக்கு. கூட்டங்களிலும் வகுப்பறைகளிலும் வீட்டுப் பேச்சுகளிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

பாலஸ்தீனப் பொதுமக்களுக்காகக் குரல் கொடுப்பது என்றால், குறிப்பாக எதைக் கேட்பது?

சண்டையில் ஈடுபடாத மனிதரைக் கொல்லாதீர்கள், பட்டினி போடாதீர்கள், வீட்டை விட்டுத் துரத்தாதீர்கள் என்று கேட்பது. இது யாரும் புதிதாகக் கண்டுபிடித்த கோரிக்கையல்ல. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையை இஸ்ரேலும் ஏற்றிருக்கிறது. ஒருவர் தாம் செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படுவதையும், ஒரு மக்கள்கூட்டம் மொத்தமாகத் தண்டிக்கப்படுவதையும் அதன் 33ஆம் பிரிவு தடை செய்கிறது.

காசா சுமார் 365 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள, சென்னை மாநகராட்சி எல்லையைவிடச் சிறிய நிலம். போருக்கு முன் அங்கே சுமார் 22 லட்சம் பேர் வாழ்ந்தார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் 18 வயது நிரம்பாதவர்கள். 2023 அக்டோபர் 9 அன்று, இஸ்ரேலின் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் யோவ் காலண்ட், மின்சாரமோ உணவோ எரிபொருளோ உள்ளே போகாத முழு முற்றுகையை அறிவித்தார். நான்கு நாள் கழித்து, வட காசாவில் இருந்த சுமார் 11 லட்சம் பேரும் 24 மணி நேரத்துக்குள் தெற்கே போய்விட வேண்டும் என்ற உத்தரவு வந்தது. நிறைமாதக் கர்ப்பிணிகளும், டயாலிசிஸ் செய்துகொண்டிருந்த முதியவர்களும், இன்குபேட்டரில் கிடந்த பச்சிளம் குழந்தைகளும் அந்த 11 லட்சத்தில் அடக்கம். குரல் கொடுப்பது இவர்களுக்காக.

அக்டோபர் 7ஐப் பற்றியும் பேச வேண்டுமா?

பேச வேண்டும். யாரோ கட்டாயப்படுத்துவதால் அல்லாமல், அது நடந்தது என்பதால் பேச வேண்டும். 2023 அக்டோபர் 7 அன்று, காசாவை ஆண்டுவந்த ஹமாஸும் வேறு ஆயுதக் குழுக்களும் தென் இஸ்ரேலில் புகுந்து சுமார் 1,200 பேரைக் கொன்றன. அவர்களில் பெரும்பாலோர் பொதுமக்கள். சுமார் 250 பேர் பிணைக்கைதிகளாகக் காசாவுக்குள் கொண்டு செல்லப்பட்டார்கள். பெய்ரி என்ற ஊரில் அன்று கொல்லப்பட்டவர்களில் ஒருவர் 74 வயதான விவியன் சில்வர். காசாவிலிருந்து சிகிச்சைக்கு வரும் பாலஸ்தீன நோயாளிகளைத் தம் காரில் ஏற்றி இஸ்ரேலிய மருத்துவமனைகளில் கொண்டு சேர்த்தவர். 2014 போருக்குப் பின் அமைதிக்காகத் தொடங்கிய பெண்கள் இயக்கத்தின் நிறுவனர்களில் ஒருவர். அவருடைய உடலை அடையாளம் காணவே ஐந்து வாரங்கள் ஆயின. அதன் பிறகும் அவர் மகன், தாய் கேட்ட அமைதியைத்தான் ஊரறியக் கேட்டு வருகிறார்.

இதைச் சொல்வதால் காசா மக்களுக்காகப் பேசும் குரல் எந்த விதத்திலும் தாழ்வதில்லை. அதே வேளையில், குழந்தையைப் புதைத்துவிட்டு வந்த ஒரு பாலஸ்தீனத் தகப்பன் வாய் திறக்கும்போது, முதலில் ஹமாஸைக் கண்டித்துவிட்டுப் பேசு என்று அவரை வாசலிலேயே நிறுத்தி வைப்பதை என்னால் ஏற்க முடியாது. தாம் செய்யாத செயலுக்கு அவர் யாருக்கும் கணக்கு ஒப்படைக்க வேண்டியதில்லை.

ஹமாஸ் பொதுமக்களுக்கு நடுவே ஒளிந்துகொள்கிறது. அவர்களும் ஹமாஸுக்கு வாக்களித்தவர்கள்தானே?

குடியிருப்புகளுக்கு நடுவிலிருந்து சண்டையிடுவதும் மக்களைக் கேடயமாக்குவதும் போர்ச் சட்டத்தை மீறும் செயல்கள். ஒரு தரப்பு சட்டத்தை மீறியதால் எதிர்த்தரப்பின் கடமை இல்லாமல் போய்விடாது. தாக்கப்போவது ராணுவ இலக்குதானா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும். கிடைக்கும் ராணுவப் பயனுக்கு மிஞ்சிய அளவில் பொதுமக்கள் சாவார்கள் என்று தெரிந்தால் தாக்குதலைக் கைவிட வேண்டும். எதிரி ஒரு கட்டடத்தில் இருக்கிறான் என்பதற்காக அந்தத் தெருவே போர்க்களமாகிவிடுவதில்லை.

வாக்களித்த கதைக்கு வருவோம். காசாவில் கடைசியாகச் சட்டமன்றத் தேர்தல் நடந்தது 2006 ஜனவரியில். போர் தொடங்கியபோது 35 வயது நிரம்பாத எவருக்கும் அந்தத் தேர்தலில் வாக்குரிமையே இருந்திருக்காது. அப்படியே வாக்களித்திருந்தாலும், வாக்களித்த குற்றத்துக்கு மரண தண்டனை விதிக்கும் சட்டம் உலகில் எங்கும் இல்லை.

இறந்தவர்களின் எண்ணிக்கையை நம்பலாமா?

எண்ணிக்கையை வெளியிடும் காசா சுகாதார அமைச்சகம் ஹமாஸ் நிர்வாகத்தின் கீழ் இயங்குவது உண்மை. 2023 அக்டோபர் 25 அன்று அமெரிக்க அதிபர் பைடன் இந்தக் கணக்கை நம்பவில்லை என்று சொன்னார். மறுநாளே அமைச்சகம் 6,747 பேரின் பெயர், வயது, பாலினம், அடையாள எண் ஆகியவற்றைப் பட்டியலாக வெளியிட்டது. முந்தைய போர்களிலும் ஐ.நா. தனியே எடுத்த கணக்கோடு இந்த அமைச்சகத்தின் கணக்கு பெருமளவு ஒத்துப்போயிருக்கிறது. 2025 அக்டோபரில் போர்நிறுத்தம் வந்தபோது, அமைச்சகம் சொன்ன இறந்தோர் எண்ணிக்கை 67,000ஐத் தாண்டியிருந்தது.

இந்தக் கணக்கு ஆயுதம் ஏந்தியவர்களையும் பொதுமக்களையும் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே இறந்த அனைவருமே பொதுமக்கள் என்று எழுதுவது தவறு. இடிபாடுகளுக்குள் கிடப்பவர்கள் பலர் இதில் சேரவில்லை. ஆகவே இது மிகைப்படுத்திய எண்ணிக்கை என்று தள்ளிவிடுவதும் தவறு. 2024 ஜூன் இறுதி வரையிலான காலத்துக்கு அமைச்சகம் சுமார் 38,000 என்று சொல்லியிருந்தது. 2025 ஜனவரியில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, அதே காலத்தில் காயங்களால் இறந்தவர்கள் சுமார் 64,000 பேர் என்று மதிப்பிட்டது. எழுதும்போது, யாருடைய கணக்கு, எந்த நாள் வரைக்குமானது என்ற இரண்டையும் சேர்த்து எழுதுங்கள்.

எந்தச் செய்தியை நம்புவது? இரு தரப்பும் பொய் சொல்கிறார்களே?

இந்தக் கேள்விக்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். ஏனெனில் நம் குரலை ஒருவர் எளிதில் வீழ்த்தக்கூடிய இடம் இதுதான்.

2023 அக்டோபர் 17 இரவு காசா நகரின் அல் அஹ்லி மருத்துவமனை வளாகத்தில் குண்டு வெடித்தது. இஸ்ரேலிய விமானத் தாக்குதலில் 500 பேர் இறந்தார்கள் என்ற செய்தி சில நிமிடங்களில் உலகெங்கும் பரவியது. பின்னர் மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் ஆராய்ந்தபோது, பாலஸ்தீன ஆயுதக் குழுக்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வகையைச் சேர்ந்த ராக்கெட் ஒன்று தவறி விழுந்திருக்கலாம் என்பதையே சான்றுகள் காட்டின. முதல் ஒரு மணி நேரத்தில் ஆவேசமாகப் பகிர்ந்தவர்கள் அதற்குப் பின் உறுதியான செய்திகளைச் சொன்னபோதும், அவற்றைக் கேட்பார் குறைந்துபோனார்கள்.

மறுபக்கம் இதைப் பாருங்கள். 2025 மார்ச் 23 விடியற்காலையில் ரஃபாவின் தல் அல் சுல்தான் பகுதியில், காயமுற்றவர்களை எடுத்துவரப் போன ஆம்புலன்ஸ்கள் மீது இஸ்ரேலியப் படை சுட்டது. பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கத்தினர் 8 பேர், குடிமைப் பாதுகாப்பு மீட்புப் பணியாளர் 6 பேர், ஐ.நா. ஊழியர் ஒருவர் என 15 பேர் இறந்தார்கள். ஒரு வாரம் கழித்துத்தான் அவர்களின் உடல்களை மணலைத் தோண்டி எடுக்க முடிந்தது. நசுக்கப்பட்ட வண்டிகளும் அங்கேயே புதைந்து கிடந்தன. முகப்பு விளக்கோ அவசர விளக்கோ இல்லாமல் சந்தேகத்துக்கிடமாக வண்டிகள் வந்தன என்று ராணுவம் முதலில் சொன்னது. இறந்தவர்களில் ஒருவரின் கைப்பேசியில் இருந்த காணொளி பின்னர் வெளியானது. அதில் வண்டிகளின் முகப்பு விளக்குகள் எரிகின்றன, சிவப்பு விளக்குகள் சுழல்கின்றன, இறங்கியவர்களின் சட்டையில் ஒளிப்பட்டைகள் மின்னுகின்றன. அதன் பிறகு துப்பாக்கிச் சத்தம் நிமிடக்கணக்கில் நிற்கவேயில்லை. படம் பிடித்தவர் இஸ்லாமிய நம்பிக்கை உறுதிமொழியான கலிமாவைச் சொல்கிறார். மக்களுக்கு உதவ நான் தேர்ந்தெடுத்த வழி இது, என்னை மன்னித்துவிடு அம்மா என்கிறார். காணொளி வந்த பிறகு ராணுவம் தன் கூற்றை மாற்றிக்கொண்டது. அதன் விசாரணை தொழில்முறைத் தவறுகள் நடந்ததாக ஒப்புக்கொண்டு ஓர் அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்கியது.

அந்தக் கைப்பேசி மணலுக்குள்ளேயே போயிருந்தால், விளக்கில்லாமல் வந்த வண்டிகள் என்பதுதான் வரலாறாக நின்றிருக்கும். போர் தொடங்கியதிலிருந்து வெளிநாட்டுச் செய்தியாளர்களைத் தன் படையின் துணையின்றிக் காசாவுக்குள் போக இஸ்ரேல் அனுமதிக்கவில்லை. உள்ளேயிருந்து செய்தி அனுப்பிய உள்ளூர்ச் செய்தியாளர்களில் 200க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டிருக்கிறார்கள். ஆகவே உள்ளிருந்து வரும் சாட்சியத்தைக் காப்பாற்றுவதும், அதைச் சரிபார்க்கப் பொறுமையோடு காத்திருப்பதும் ஒரே பணியின் இரண்டு கைகள். சிரியாவில் எடுத்த பழைய படத்தைக் காசா என்று பகிர்கிறவர், அந்தக் கைப்பேசியில் பதிவான சாட்சியத்தின் மதிப்பையும் சேர்த்தே குறைத்துவிடுகிறார்.

இதை இனப்படுகொலை என்று சொல்லலாமா?

சட்ட நிலை இதுதான். இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையை இஸ்ரேல் மீறுகிறது என்று தென்னாப்பிரிக்கா 2023 டிசம்பர் 29 அன்று தொடுத்த வழக்கில், சர்வதேச நீதிமன்றம் 2024 ஜனவரி 26 அன்று இஸ்ரேலுக்கு இடைக்கால உத்தரவுகளைப் பிறப்பித்தது. இறுதித் தீர்ப்புக்கு ஆண்டுகள் ஆகும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் 2024 நவம்பர் 21 அன்று நெதன்யாகு, காலண்ட் ஆகிய இருவருக்கும், பட்டினியைப் போர்முறையாகக் கையாண்டது உள்ளிட்ட குற்றச்சாட்டுகளின் பேரில் பிடியாணை பிறப்பித்தது. ஹமாஸ் தளபதி முகமது தெய்ஃபுக்கும் அதே நாளில் பிடியாணை வந்தது. 2025 ஜூலையில் இஸ்ரேலிய மனித உரிமை அமைப்பான பெத்செலெம், நடப்பது இனப்படுகொலை என்று அறிவித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 16 அன்று ஐ.நா. விசாரணை ஆணையமும் அந்த முடிவுக்கு வந்தது. அதன் அப்போதைய தலைவர் நவநீதம் பிள்ளை, டர்பனில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். ருவாண்டா இனப்படுகொலையை விசாரித்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்து இனப்படுகொலை வழக்கை விசாரித்தவர். இஸ்ரேல் இந்த முடிவுகள் அனைத்தையும் மறுக்கிறது.

யார் எப்போது அப்படி முடிவு செய்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொன்னால் உங்கள் கூற்று உறுதியாக நிற்கும். எப்பெயரிட்டு அழைப்பது என்ற வாதத்திலேயே ஒரு மாலைப்பொழுது கழிந்து, 2025 மார்ச் 2 முதல் பதினோரு வாரங்கள் உணவு லாரி ஒன்றுகூட உள்ளே விடப்படவில்லை என்பதையும், ஆகஸ்ட் 22 அன்று காசா மாவட்டத்தில் பஞ்சம் முறைப்படி உறுதி செய்யப்பட்டது என்பதையும் யாரும் பேசாமல் கலைந்துவிடக் கூடாது.

இது யூத வெறுப்பாகிவிடாதா?

இஸ்ரேல் அரசின் செயலுக்கு யூத மக்களைப் பொறுப்பாக்கும் கணத்தில் ஆகிவிடும். ஹிட்லரைப் புகழும் வாசகங்கள் தமிழ் முகநூல் பின்னூட்டங்களில் கூசாமல் எழுதப்படுவதைப் பார்க்கிறோம். அவற்றைப் பார்த்ததும் கண்டிக்க வேண்டும், நம் பக்கத்திலிருந்தால் நீக்க வேண்டும். 2025 மே 21 அன்று வாஷிங்டனில் யூத அருங்காட்சியகம் ஒன்றின் வாசலில் இஸ்ரேலியத் தூதரக ஊழியர்கள் இருவரைச் சுட்டுக் கொன்றவன் பாலஸ்தீன விடுதலை முழக்கத்தை எழுப்பினான். அந்தக் கொலையால் காசாவில் ஒரு குழந்தைக்கும் ஒரு வாய்ச் சோறு கிடைக்கவில்லை.

போர் தொடங்கிய மாதத்திலேயே, 2023 அக்டோபர் 27 அன்று, நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் அமர்ந்து போர்நிறுத்தம் கேட்டுக் கைதானவர்கள் நூற்றுக்கணக்கான யூதர்கள். இஸ்ரேலுக்குள்ளேயே காசாக் குழந்தைகளின் படங்களை ஏந்தி நின்று வசை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

2009இல் நமக்காக யார் பேசினார்கள்? இவர்களுக்காக நாம் ஏன் பேச வேண்டும்?

ஈழத்தில் உறவினரை இழந்தவர் இதைக் கேட்கும்போது, அதை வாதத் திறமையால் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. பாதுகாப்பு வலயம் என்று அறிவித்த இடத்திலேயே குண்டு விழுந்தது; மருத்துவமனைகள் தாக்கப்பட்டன; உணவும் மருந்தும் தடுக்கப்பட்டன; அந்த இறுதி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. வல்லுநர் குழு 2011இல் சொன்னது. 2009 மே 27 அன்று ஐ.நா. மனித உரிமைப் பேரவை இலங்கை அரசுக்கு ஆதரவான தீர்மானத்தை நிறைவேற்றியபோது இந்தியாவும் அரபு நாடுகளும் ஆதரித்தே வாக்களித்தன. மகிந்த ராஜபக்ச பாலஸ்தீன ஆதரவுக் குழுவொன்றை நெடுங்காலம் தலைமையேற்று நடத்தியவர். 2014இல் பாலஸ்தீன அதிகாரசபை அவருக்கு விருதளித்தது. இஸ்ரேலோ இலங்கைக்குக் கிஃபிர் விமானங்களையும் டோரா படகுகளையும் விற்றது.

அரசுகள் நடந்துகொண்ட விதம் இது. ரஃபாவில் கூடாரம் போட்டிருந்த தாய் அந்த விருதையும் கொடுக்கவில்லை, ஜெனீவாவில் கையும் தூக்கவில்லை. 2009இல் சர்வதேச விசாரணை வேண்டும் என்று கேட்டவர், அப்போது ஐ.நா. மனித உரிமை ஆணையராக இருந்த அதே நவநீதம் பிள்ளை. முள்ளிவாய்க்காலில் நடந்ததைச் சாட்சி சொல்லி நீதி கேட்கும் ஒருவர், மருத்துவமனை மீது குண்டு போடக் கூடாது என்ற விதி எல்லா இடத்திலும் நிற்க வேண்டும் என்று கேட்க மற்ற எவரையும்விட உரிமை உடையவர். பேச மனமில்லை என்று அவர் ஒதுங்கினாலும், அதற்காக அவரைக் குறை சொல்ல மாட்டேன்.

இந்தியாவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இதில் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இருக்கிறது. 2024 மே மாதம், சென்னையிலிருந்து இஸ்ரேலின் ஹைஃபா துறைமுகத்துக்குச் சுமார் 27 டன் வெடிபொருளோடு போன மரியான் டானிகா என்ற கப்பலைத் தன் துறைமுகத்தில் நிற்க ஸ்பெயின் அனுமதிக்கவில்லை. அதற்கு மூன்று மாதம் முன்பே, பெருந்துறைமுகங்களில் வேலை செய்யும் தொழிலாளர்களின் சம்மேளனம், இஸ்ரேலுக்கான ஆயுதச் சரக்கைக் கையாள மாட்டோம் என்று அறிவித்திருந்தது. ஆயுத ஏற்றுமதியை நிறுத்தக் கோரிய மனுவை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், வெளியுறவுக் கொள்கை அரசின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்று கூறித் தள்ளுபடி செய்தது.

1988இல் பாலஸ்தீன அரசை அங்கீகரித்த இந்தியா, 2023 அக்டோபரில் காசாவில் சண்டை நிறுத்தம் கோரிய ஐ.நா. பொதுச்சபை வாக்கெடுப்பில் ஒதுங்கி நின்றது. அதே ஆண்டு டிசம்பரில் போர்நிறுத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தது. 2025 ஜூனில் மீண்டும் ஒதுங்கியது. வாக்கு இப்படி மாறி மாறி வரும்போது குடிமக்கள் காரணம் கேட்பது முறையானதே.

வெளிப்படையாகப் பேசினால் சட்டச் சிக்கல் வருமா?

நீங்கள் இருக்கும் நாட்டைப் பொறுத்தது. இந்தியாவில் கருத்தைச் சொல்ல அரசமைப்பின் 19ஆவது பிரிவு உரிமை தருகிறது. பொதுவெளியில் ஆர்ப்பாட்டம் நடத்தக் காவல்துறை அனுமதி தேவை, சென்னையில் ஐந்து நாள் முன்னதாக மனு கொடுக்க வேண்டும். 2025 ஜூலையில், காசாவுக்காக மும்பை ஆசாத் மைதானத்தில் கூட அனுமதி கேட்ட கட்சியிடம், உள்நாட்டுப் பிரச்சினைகளைப் பாருங்கள் என்று மும்பை உயர் நீதிமன்றம் சொன்னது நினைவிருக்கலாம். அடுத்த மாதம் அனுமதி கிடைத்தது.

சிங்கப்பூரில், 2024 பிப்ரவரியில் அதிபர் மாளிகைக்குக் கடிதங்களோடு நடந்து சென்ற ஏற்பாட்டாளர்களான மூன்று பெண்கள் மீது வழக்குத் தொடரப்பட்டு, 2025 அக்டோபரில் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. அமெரிக்காவில் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தின் துருக்கி மாணவி ஒருவர், மாணவர் இதழில் பிறரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையைத் தவிர வேறு எந்தச் செயலும் காட்டப்படாமலேயே 2025 மார்ச்சில் கைதாகி ஆறு வாரங்கள் அடைக்கப்பட்டார். வளைகுடா நாடுகளில் அனுமதியற்ற கூட்டம் எதுவானாலும் வேலையும் விசாவும் போகலாம். மாணவர் விசாவில் இருப்பவரும் குடும்பத்தின் ஒரே சம்பளத்தை ஈட்டுபவரும் வீதிக்கு வராததைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்ல வேண்டாம். குடியுரிமையின் பாதுகாப்பு உள்ளவர்கள் அவர்கள் பங்கையும் சேர்த்துப் பேசலாம்.

இறந்த குழந்தைகளின் படங்களைப் பகிரலாமா?

குடும்பத்தினர் வெளியிட்டிருந்தாலோ, சாட்சியமாக வேண்டியிருந்தாலோ ஒழிய வேண்டாம். முகத்தை மறையுங்கள், இடத்தையும் நாளையும் குறிப்பிடுங்கள். உயிரோடிருந்தபோது எடுத்த படம் பல நேரங்களில் போதும்.

பணம் அனுப்ப விரும்பினால்?

பாலஸ்தீனச் செம்பிறைச் சங்கம், யூனிசெஃப், எல்லைகளற்ற மருத்துவர்கள் போன்ற அமைப்புகளுக்கு அவற்றின் அதிகாரபூர்வ வழியில் வங்கி மூலம் அனுப்புங்கள். கிரிப்டோ கேட்கும் தனிநபர் கணக்குகளை நம்ப வேண்டாம். உண்மையான குடும்பங்களின் படங்களைத் திருடி வைத்திருக்கும் போலிகள் அவற்றில் உண்டு.

நாம் பேசி என்ன ஆகப்போகிறது?

2024 ஏப்ரல் 1 அன்று டெய்ர் அல் பலாவில், வேர்ல்ட் சென்ட்ரல் கிச்சன் என்ற உணவு உதவி அமைப்பின் ஏழு பேர் இஸ்ரேலியத் தாக்குதலில் இறந்தார்கள். ஆறு பேர் வெளிநாட்டவர். உலகம் கொதித்தது, பைடன் நெதன்யாகுவோடு பேசினார், சில மணி நேரங்களிலேயே வட காசா எல்லையிலுள்ள ஈரெஸ் கடவையைத் திறக்கவும் இஸ்ரேலின் அஷ்தோத் துறைமுகம் வழியே உதவி அனுப்பவும் இஸ்ரேல் ஒப்புக்கொண்டது. அழுத்தம் கொடுத்தால் கதவு திறக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அதற்கு முன் சுமார் 190 உதவிப் பணியாளர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் பாலஸ்தீனர்; அவர்களுக்காக அந்தக் கொதிப்பு எழவில்லை என்பது நெஞ்சை அறுக்கிறது.

2024 செப்டம்பரில் பிரிட்டன் ஆயுத ஏற்றுமதி உரிமங்களில் 30ஐ நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் ஜெர்மனி, காசாவில் பயன்படக்கூடிய ஆயுதங்களுக்கு அனுமதி தருவதைச் சில மாதங்கள் நிறுத்தி வைத்தது. அந்தச் செப்டம்பரில் பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, பிரான்ஸ் ஆகியவை பாலஸ்தீன அரசை அங்கீகரித்தன. இவை எதுவும் இறந்தவர்களை மீட்டுத் தரவில்லை. ஆனால் வாராவாரம் வீதியில் நின்ற மக்கள் இல்லாமல் இந்த அரசுகள் தாமாக அசைந்திருக்கும் என்று நான் நம்பவில்லை.

போர்நிறுத்தம் வந்துவிட்டதே, இனியும் பேச வேண்டுமா?

2025 அக்டோபர் 10 அன்று போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. உயிரோடிருந்த கடைசி 20 பிணைக்கைதிகளும் 13ஆம் தேதி வீடு திரும்பினார்கள். அதன் பிறகும் காசாவில் நூற்றுக்கணக்கானோர் தாக்குதல்களில் இறந்திருக்கிறார்கள். டிசம்பர் மழையில் கூடாரங்கள் வெள்ளத்தில் மிதந்தன. சிகிச்சைக்காக வெளிநாடு போகக் காத்திருப்போர் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். மேற்குக் கரையில் ஜெனின், துல்கரம் உள்ளிட்ட அகதி முகாம்களிலிருந்து 2025 தொடக்கத்தில் விரட்டப்பட்ட சுமார் 40,000 பேரைப் பற்றிச் செய்தித்தாளில் ஒரு பத்தி வருவதே அரிதாகிவிட்டது.

இப்போது கேட்க வேண்டியவை திட்டமானவை: கூடாரத் துணியும் மருந்தும் தடையின்றிப் போக வேண்டும், நோயாளிகளை வெளியே விட வேண்டும், வெளிநாட்டுச் செய்தியாளர்களை உள்ளே விட வேண்டும், இந்தியாவிலிருந்து ஆயுதமும் வெடிபொருளும் போகக் கூடாது. உங்கள் தொகுதியின் மக்களவை உறுப்பினருக்கு இவற்றை ஒரு பக்கக் கடிதமாக, பெயரும் முகவரியும் இட்டு அனுப்புங்கள். சென்னையிலிருந்து போன சரக்கைப் பற்றி அவையில் கேள்வி எழுப்புமாறு அதில் குறிப்பிட்டுக் கேளுங்கள். கேள்வியைக் குறைந்தது 15 நாள் முன்னதாக அவர் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால், கூட்டத்தொடர் தேதி அறிவிக்கப்பட்டதுமே கடிதம் அவர் கைக்குப் போய்ச் சேரட்டும்.